உறங்கச் சொன்ன வரி

மார்ச் 3, 1974 – ஞாயிறு, பெருமாட்டி

காலையில் வாரப் பத்திரிகை வந்தது. 'பாட்டு பிறந்த கதை' என்று அதில் ஒரு பக்கம் வருகிறது. எந்தப் பாட்டு எப்படி உண்டானது என்று வாரம் ஒன்றாக எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு டூயட்டில் வரும் குயில் குயிலே அல்ல, வயலின்காரர் ஒருவர் நாக்கை மடித்து எழுப்பிய சத்தம் என்று போட்டிருந்தார்கள். படித்துச் சிரித்தேன்.

இந்த வாரம் சிரிக்கவில்லை. 'ஊர் விழித்தால் விழிக்கட்டும், நீ உறங்கு கண்ணே.' இசையமைப்பாளர் ஜோலார்பேட்டை தாண்டி ரயிலில் வந்துகொண்டிருந்தாராம். சக்கரச் சத்தத்தில் இந்தத் தாலாட்டு மெட்டு அவருக்குக் கேட்டதாம். சென்ட்ரலில் இறங்குவதற்குள் பாட்டு முடிந்துவிட்டதாம்.

ரயில். அந்த மெட்டு பிறந்த ஊருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ஏலப்பாறையில், 1953இல், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது போட்ட மெட்டு அது. தோட்டத்து மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்த மத்தியாஸ் என் சிநேகிதன். அவனிடம் பாடிக் காட்டினேன். அவன் மெட்ராஸுக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்துப் படத்தில் வந்தது. நான் எழுதிய ஒரு வரியோடு சேர்த்தே வந்தது.

எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன் இன்று எனக்குத் தலைமையாசிரியர். அதைக்கூட விழுங்கிவிட்டேன். இது மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது.

மார்ச் 4

பத்திரிகை ஆசிரியருக்கு நாலு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்தேன். கோபத்தில்தான்.

மார்ச் 17

வடகரப்பதியில் ஒரு கல்யாணம். மைக் செட் ஆறுச்சாமி என் தலையைக் கண்டதும் மற்றப் பாட்டை நிறுத்திவிட்டு அதைப் போட்டான். "நம்ம பெருமாட்டி வாத்தியாரு போட்ட மெட்டுங்கோ" என்று அறிவிப்பு வேறு. பந்தலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். என் மனைவி ராமாத்தாள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று பிள்ளைகளையும் அந்தப் பாட்டில்தான் தூங்க வைத்தாள். இப்போது மகள் பிரசவத்துக்கு வந்து பேரன் பிறந்திருக்கிறான், அவனுக்கும் அதே பாட்டு. "எங்க ஊட்டுக்காரர் பாட்டுங்க" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்வது காதில் விழுந்தது.

உலகத்தில் அதை நம்புகிற ஒரே ஆள்.

ஏப்ரல் 2

பதில் வந்தது. மரியாதையான கடிதம். "தங்கள் கூற்றுக்கு ஆதாரமாக அக்காலத்திய கையெழுத்துப் பிரதியோ, நேரில் அறிந்தவரின் வாக்குமூலமோ அனுப்பினால் பரிசீலிக்கிறோம்."

நேரில் அறிந்தவன் ஒருத்தன்தான். மத்தியாஸ். மெட்ராஸில் பதினாலு வருஷம் அவர் இவர் குழுவில் வாசித்துவிட்டு, நெஞ்சு கெட்டுப்போய்த் திரும்பி வந்து, ஏலப்பாறையில் அக்கா வீட்டில் கிடக்கிறானாம். பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று. போகிறேன். இருபது வருஷமாக அவனிடம் சொல்ல வேண்டியதை மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20 – ஏலப்பாறை

பொள்ளாச்சி, பழனி, தேனி, குமுளி. ஒன்றரை நாள் பஸ். கம்பத்தில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் ரேடியோவில் அதே பாட்டு. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மத்தியாஸ் பாதி ஆளாக இருக்கிறான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

"வாரும் வாத்தியாரே. இருவது வருசம் கழிச்சு வந்திருக்கீரு. வையிறதுக்கா, அடிக்கிறதுக்கா? அடிக்கிறதுன்னா நெஞ்சுல வேண்டாம் ஓய், தாங்காது."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. எழுதிக்கொண்டு போயிருந்த வாக்குமூலத்தை நீட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தான்.

"மெட்டு ஈஸ்வரமூர்த்தி வாத்தியார் போட்டதுன்னு எழுதியிருக்கீரு."

"ஆமாம்."

"போட்டீரா, கேட்டீரா?"

கேட்டேன் என்பது உண்மை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்து போனபோது ஒரு பெண் குழந்தையைத் தூங்க வைக்கிற முணுமுணுப்பு கேட்டது. ஒரு பொறி. அதை வைத்து மெட்டைக் கட்டியது நான். இதை அவனிடம் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "எந்த வீடுன்னு தெரியுமா? நாலாம் லயம், சந்தனமேரி வீடு. அவ தூங்க வச்ச பிள்ளை அப்ப செத்து மூணு மணி நேரம் ஓய்."

பிறகு நிறுத்தி நிறுத்தி, இருமிக்கொண்டே சொன்னான். அவனுடைய அப்பா உபதேசியார், பாதிரியார் வராத நாளில் ஜெபம் நடத்துகிறவர். ஒப்பாரி வைப்பது வேதக்காரர்களுக்கு ஆகாது என்று கோயிலிலேயே சொல்லிவிட்டாராம். மாரடித்து அழுகிற வீட்டு அடக்கத்துக்கு வரமாட்டேன் என்றாராம். "அதனால எங்க பொம்பளைக ஒரு வழி கண்டுபிடிச்சாளுக. எழவு வீட்டுல தொட்டிலக் கட்டித் தாலாட்டுப் பாடுவாளுக. எம்பது வயசுக் கெழவன் செத்தாலும் தாலாட்டுதான். தாலாட்ட எந்தச் சாமியாரு தடுக்க முடியும்? எங்கப்பா ஜெபப் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு நிப்பாரு. அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். நீரு புதுசு, உமக்குத் தெரியல."

அந்தப் பாட்டைக் கேட்ட மறுநாள் விடியும் முன்பே கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அடக்கத்தை நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியும்தானே? தெரிந்துமா மெட்ராஸில் வாசித்தாய்?"

"தெரிஞ்சேதான். தாலாட்டு ஒண்ணு வேணும்னு கேட்டாங்க, விரல் தானா அங்க போயிருச்சு. நீரு தெரியாம எடுத்தீரு, நான் தெரிஞ்சு எடுத்தேன். எவன் பெரிய கள்ளன்னு நீரே தீர்ப்பு எழுதும், படிச்ச ஆளு." கையை நீட்டினான். "பேனாவக் குடும், கையெழுத்துப் போடுதேன். அந்த 'உறங்கு கண்ணே' வரி உம்முடையதுதான். அதுக்கு நான் எங்க வேணாலும் சாட்சி சொல்லுவேன். மெட்டுக்குன்னா, ஒரு எட்டு நாலாம் லயத்துக்குப் போய்ட்டு வாரும்."

போகும்போது பின்னாலிருந்து சொன்னான்: "இன்னொரு சங்கதி தெரியுமா? ரெண்டாஞ் சரணத்துல பாடுன அம்மாவுக்கு மூச்சு ஒரு நொடி உடையும்லா? என்னா உருக்கம்னு ஊரே சொல்லும். அது ஒண்ணுமில்ல. அவுங்க கைப்பிள்ளைய ஸ்டுடியோவுக்கு வெளிய ஆயாகிட்ட விட்டுட்டு வந்திருந்தாங்க. அது அழுத சத்தம் கேட்ருச்சு. இசையமைப்பாளரு அந்த டேக்கையே வச்சுக்கிட்டாரு. தொட்டில் மணி மாதிரி ஒண்ணு கேக்கும் பாரும், அது நான் கரண்டியால டம்ளரத் தட்டுனது."

இருபது வருஷமாக அந்த மணியைச் சலங்கை என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 21 – ஞாயிறு, ஏலப்பாறை

பூசை முடிந்து வந்த சந்தனமேரியைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். இன்னும் கொழுந்து கிள்ளுகிறாள். விரல்களில் கறை. எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டு அவள் நின்றாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லத் தெரியும் எனக்கு.

"அது எம் பாட்டுன்னு எனக்குத் தெரியும்யா. மொதல்ல டீக்கடை ரேடியோவுல கேட்டப்பவே கூடைய எறக்கி வச்சுட்டு நின்னுட்டேன். யாரோ செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்ருக்காங்கன்னு நெனச்சேன். நீங்கதானா அது."

"நான்தான்."

"எழுதி வச்சிருக்கீகளா?"

எழுதினேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மெட்டு தெரியுது. என்ன சொல்லிப் பாடுனேன்னுதான் தெரியல. அந்த நேரம் வாயில வந்தது. பெறகு யோசிச்சா சினிமாக்காரங்க சொல்லுதான் முன்னால வந்து நிக்கி. எங்கள்ள ஒரு வழக்கம் உண்டு. எப்படிப் பாடுனாலும் கடைசியில உறங்கச் சொல்லி முடிக்கணும். முடிக்காட்டி அந்த உசுரு முழிச்சே கெடக்கும்னு பெரியவளுக சொல்லுவாளுக. உபதேசியார் சடுதியா வந்து பெட்டிய மூடச் சொல்லிட்டாரு. நான் முடிச்சேனா இல்லையான்னு இருவது வருசமாத் தெரியலய்யா. நீங்க எழுதுனதுல இருக்கும்லா?"

இருக்கும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பார்த்துவிட்டல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 24 – பெருமாட்டி

டிரங்குப் பெட்டியின் அடியில் நோட்டு இருந்தது. பக்கத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. 19-12-53 என்று என் கையெழுத்து. நீல மசியில் நாலு வரி, அவள் வாயிலிருந்து வந்தபடியே:

கொழுந்துக் கூடை எறக்கி வச்சேன், எந்திரி சூசை
நனஞ்ச சேலை மாத்தி வந்தேன், எந்திரி சூசை
பால் கட்டி வலிக்குதுடா, எந்திரி சூசை
பக்கத்துல ஆளிருக்கு, பையக் கண்ணத் தொற

மேலே ஸ்வரங்கள். ஒரு இடம்கூட மாறவில்லை, முழு மெட்டும் அவளுடையது. பொறியாவது விதையாவது. இருபது வருஷமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்ட பொய்.

அதற்கு மேல் சிவப்பு மசி. பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்பு. 'எந்திரி' வருகிற இடமெல்லாம் அடித்து 'உறங்கு' என்று திருத்தியிருக்கிறேன். பிள்ளையின் பெயரான 'சூசை'யையும் அடித்து 'கண்ணே'. மூன்றாவது வரி முழுவதும் குறுக்கே கோடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'தாலாட்டுக்குப் பொருந்தாது.'

தாலாட்டு பாடுகிறவள் பிள்ளையை ஏன் எழுந்திருக்கச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதுமே. பி.ஏ. படித்தவன் யோசிக்கவில்லை. எழுத்தறியாத பெண்ணின் பிழை என்று நினைத்துத் திருத்தினேன். மார்க் போடாததுதான் பாக்கி.

கீழே, தனியாக, சிவப்பில்: ஊர் முழிச்சா முழிக்கட்டும், நீ உறங்கு கண்ணே.

இது நான் எழுதியது. படத்தில் ஒரு சொல்லை மட்டும் சுத்தத் தமிழாக்கிக்கொண்டார்கள். அவள் பாடியதில் உறங்கு என்ற சொல்லே இல்லை. மழை வலுத்ததால் நான் பாதியில் வந்துவிட்டேன். அவள் முடித்தாளோ இல்லையோ, என் தாளில் முடியவில்லை.

ஏப்ரல் 25

இந்தப் பக்கத்தை அனுப்பினால் அந்த ஒரு வரிக்காவது என் பெயர் வரும். யாரும் மறுக்க முடியாத ஆதாரம். சிவப்பு மசியில்.

மே 1

மதியம் ராமாத்தாள் பேரனைத் தூங்க வைத்தாள். அதே பாட்டு. பேரன் தூங்கியதும் அவள் உள்ளே போய்விட்டாள். நான் தொட்டிலை விலக்கிப் பார்த்தேன். அசைவே இல்லை. மூக்கடியில் விரல் வைத்தேன். மூச்சு வந்தது. மறுபடி வைத்தேன்.

மகள் பார்த்துவிட்டாள். "என்னங்கப்பா பண்றீங்க?"

"ஈ" என்றேன்.

மே 2

ராமாத்தாளிடம் அந்தப் பாட்டு வேண்டாம் என்றேன். "ஏனுங்க? உங்க பாட்டே உங்களுக்குப் புடிக்காமப் போயிருச்சுங்களா?" அவள் வேறு பாட்டு பாடினாள், பையன் தூங்கவில்லை. அழுதுகொண்டே இருந்தான். கடைசியில் அவள் என்னைப் பார்க்காமல், மெதுவாக, அதையே எடுத்தாள்.

இந்த வீட்டில் நான் எங்கே உட்கார்ந்தாலும் அது கேட்கிறது. பாடாதபோதும் கேட்கிறது. ஆனால் வேறு சொற்களோடு. பால் கட்டி வலிக்குதுடா. இருபத்தாறு வயதில் அதை எழுதிக்கொண்டபோது பால் கட்டுவது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

மே 5

பிரதி கிடைத்துவிட்டது என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கார்டு போட்டிருந்தேன், அவரிடமிருந்து இரண்டாவது கடிதம். ஜூன் முதல் இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். "அசல் பிரதியை உடனே பதிவுத் தபாலில் அனுப்பவும். தங்கள் புகைப்படம் ஒன்றும் தேவை."

புகைப்படம். சட்டை கூட மனதில் தேர்ந்தெடுத்துவிட்டேன், வெட்கக்கேடு.

சந்தனமேரிக்கு நாலு வரியையும் உள்ளபடி படித்துக் காட்டுவது நியாயம். 'அம்மா, நீ உறங்கச் சொல்லவில்லை, எழுந்திருக்கத்தான் சொன்னாய், அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.' அதுதான் உண்மை. அதோடு அவள் என்ன செய்வாள்? இன்னும் எத்தனை வருஷம் வைத்துக்கொள்வாள்?

சொல்லாமல் இருந்துவிட்டால்? காத்திருப்பாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு.

மே 7

அந்த நோட்டிலேயே பின்னால் வெற்றுத்தாள்கள் இருந்தன, மற்றத் தாள்களைப் போலவே பழுத்தவை. ஒன்றைக் கிழித்து, நீல மசியில், வாலிபத்தில் எழுதிய மாதிரி சாய்த்து எழுதினேன். நாலு வரி, திருத்தம் இல்லாமல். அதன் கீழே ஐந்தாவதாக, அதே மசியில்:

ஊர் முழிச்சா முழிக்கட்டும், நீ உறங்கு சூசை.

19-12-53 என்று தேதியும் போட்டேன். பிள்ளைகள் எத்தனையோ பேருடைய போலிக் கையெழுத்தைக் கண்டுபிடித்துப் பிரம்பால் அடித்திருக்கிறேன். என்னுடையது நன்றாகவே வந்திருக்கிறது.

சிவப்பு மசிப் பக்கத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன். போட்ட பிறகு கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். விரல் நுனி சுட்டுவிட்டது. ஏன் எடுக்கப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன்.

மே 10 – ஏலப்பாறை

மத்தியாஸிடம் முதலில் காட்டினேன். சந்தனமேரி என்றாவது அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள், அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நேரம் எடுத்துப் படித்தான்.

"அந்தக் காலத்துல நீரு எங்கிட்டக் காட்டுன தாளு இது இல்லையே ஓய். செவப்பா கெடந்துச்சே."

"இதுதான்."

என்னைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். "கடைசி வரி..."

"அவள் பாடியது."

இருமல் வந்து அடங்கியது. பிறகு தாளை மடித்து என் சட்டைப் பையில் அவனே வைத்தான். "சரி. இதுதான். நானும் பாத்தேன். இனி பத்திரிகைக்காரனுக்கு என்னத்தக் காட்டுவீரு?"

சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாலை, சங்கு ஊதிக் கொழுந்து கிள்ளுவதை நிறுத்தியதும் நாலாம் லயம். சந்தனமேரி கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். படித்தேன். பாடவில்லை, படித்தேன். பாட எனக்கு உரிமை இல்லை, குரலும் இல்லை. கொழுந்துக் கூடை என்றதும் தலையாட்டினாள். பால் கட்டி என்றதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பக்கத்துல ஆளிருக்குன்னு உபதேசியாரத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். பிறகு, "அதுக்குப் பெறகு?"

ஐந்தாவது வரியைப் படித்தேன்.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "அது சினிமாவுல வாற வரியில்லா?"

"இங்கிருந்துதான் அங்கே போனது."

"சூசைன்னா இருக்கு?"

"சூசை என்றுதான் பாடினீர்கள். அவர்கள் மாற்றிவிட்டார்கள்."

"அப்ப நான் சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருக்கிறீர்கள்."

"கடைசியில."

"கடைசியில்தான்."

இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். தாளை வாங்கி, எந்த இடத்தில் அந்த வரி என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். கறை படிந்த விரலை அவளும் அங்கே வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ தண்ணீர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். "வாறேன்" என்று பதில் குரல் கொடுத்தாள். தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவளுடையதை அவளிடம் கொடுத்ததாகத்தானே அவளுக்குத் தெரியும்.

மே 15

ஆசிரியருக்கு ஒரு கார்டு. 'என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. என் கூற்றைத் திரும்பப் பெறுகிறேன்.'

மெட்டு யாருடையது என்று எழுதலாமா என்று சந்தனமேரியிடம் கேட்டிருந்தேன். "செத்த பிள்ளை பேரு பேப்பர்ல எதுக்குய்யா" என்றுவிட்டாள். எனவே ரயிலே இருக்கட்டும்.

ஜூன் 3

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பத்திரிகையும் வந்தாயிற்று. 'பாலக்காட்டுப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் இப்பாடல் தம்முடையது என்று உரிமை கொண்டாடினார். ஆதாரம் கேட்டதும் பின்வாங்கிவிட்டார். புகழுக்கு ஆசைப்படாதவர் யார்!' ஊர்ப் பெயரும் போட்டுவிட்டார்கள்.

ஆசிரியர்கள் அறையில் பத்திரிகையை மடித்து வைத்தார்கள். தலைமையாசிரியர் மட்டும், "மாஷே, ஊருப் பேரு அச்சுல வந்நாச்சே" என்று மலையாளம் கலந்து சொன்னார். இரண்டு பேர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். எட்டாம் வகுப்புக்குப் போய் இலக்கணம் எடுத்தேன். எவனையும் அடிக்கவில்லை.

ஜூன் 9 – ஞாயிறு

ராமாத்தாள் ஒரு வாரமாகக் கேட்காமல் இருந்தாள். இன்று தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஊர்ல ஆளுக்கொண்ணு பேசறாங்க. அந்த மெட்டு உங்களுது இல்லீங்களா?"

"இல்லை."

"எங்கிட்ட இத்தன வருசமாச் சொன்னீங்களே."

"சொன்னேன்."

தொட்டிலை இன்னும் இரண்டு முறை ஆட்டினாள்.

"மெட்டு போனாப் போகுதுங்க. அந்த 'உறங்கு கண்ணே' வரியாச்சும்? அது நீங்க எழுதுனதுன்னு கண்ணாலம் ஆன புதுசுல எனக்குச் சொன்னீங்க. தாளுகூட எங்கியோ இருக்குதுன்னீங்க. அந்த ஒரு வரியாச்சும் உங்களுதுதானுங்க?"

அவளிடம் மட்டுமாவது சொல்லலாம். சொன்னால் நம்புவாள், யாரிடமும் சொல்ல மாட்டாள். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லை. அதுவும் அந்தம்மா பாடுனதுதான்."

எந்த அம்மா என்று அவள் கேட்கவில்லை. பேரன் சிணுங்கினான். அவள் பாட ஆரம்பித்தாள். அந்த வரி வந்ததும் ஒரு கணம் நின்று, பிறகு பாடினாள். நான் எழுந்து போகவில்லை.

நல்ல வரி.